பிள்ளைத்தமிழுக்கு முந்தைய வாரங்கள்



தமிழாசிரியர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிற அவை இது. மருத்துவம் பேச வந்தவன் உங்கள் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம். முதல் பருவமான காப்பு, குழந்தையின் மூன்றாம் மாதத்தில் வருகிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை. அப்படியே ஒவ்வொன்றாக மேலே போகிறது. சரி, அந்த முதல் இரண்டு மாதம் குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது? பருவ வரிசையில் அதற்கு இடமே இல்லை.

காரணம் புரிகிறது. தூங்குகிறது, குடிக்கிறது, துணியை நனைக்கிறது, அழுகிறது. இதில் பாட என்ன இருக்கிறது? வீட்டில் நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். 'பச்ச மண்ணு' என்கிறோம். எவ்வளவு அழகான சொல்! ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: மண் என்றால் நாம் பிடித்தபடி வரும். அதனால்தான் மூக்கை நீவுகிறோம், தலையைத் தட்டி உருட்டுகிறோம், நாக்கில் எதையாவது தடவுகிறோம்.

முப்பது வருடத்துக்கு மேல் பச்சிளம் குழந்தைகளைப் பார்த்தவன் நான். முதல் ஆறு வாரத்தில் குழந்தை பார்க்கிற வேலையின் பளுவை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. அந்த வேலையில் நாம் கை வைக்க வேண்டிய இடம் மிகக் கொஞ்சம். நம் கை தேவைப்படுவது அதைப் பெற்றவளுக்கு. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதல் மூச்சைப் பாருங்கள். வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரல் நீர் நிறைந்த பை. பிராணவாயு நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடுவதால் நுரையீரலுக்கு வேலை இல்லை. ரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு போக இரண்டு குறுக்கு வழிகள் இருக்கின்றன. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கதவு; இரண்டு பெரிய ரத்தக்குழாய்களுக்கு நடுவே ஒரு சின்ன இணைப்புக் குழாய். வெளியே வந்து குழந்தை வீறிட்டதும் நுரையீரல் விரிகிறது, உள்ளேயிருந்த நீர் உறிஞ்சப்படுகிறது, அழுத்தம் மாறுகிறது, கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. குழாய் இரண்டு மூன்று நாளில் சுருங்கி அடைபடுகிறது. அறுவை சிகிச்சை நிபுணர் யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. முதல் நாள் கை கால் மட்டும் கொஞ்சம் நீலம் பூத்தாற்போல் இருக்கும், பயப்பட வேண்டாம். உதடும் நாக்கும் நீலமாக இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

அடுத்தது எடை. பல வருடத்துக்கு முன்னால், பிறந்து நான்கு நாளான பேத்தியை ஒரு பாட்டி என் மேசையில் படுக்க வைத்துவிட்டுக் கேட்டார்: "டாக்டரய்யா, பெறந்தப்ப மூணே கால் கிலோன்னு எழுதிக் குடுத்தாங்க. இப்ப தராசுல மூணுதான் காட்டுது. ஆஸ்பத்திரியில பிள்ளைய மாத்திட்டாங்களா?" சிரிக்காதீர்கள். அவர் கணக்குச் சரி. 250 கிராம் காணாமல் போயிருந்தது.

எங்கே போனது? பெரும்பாலும் நீர். குழந்தை உடம்பில் கூடுதலாகத் தேங்கியிருந்த நீர் சிறுநீராகப் போகிறது. தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுவென்று முதல் மலம் போகிறது. உள்ளே வருவதோ சீம்பால். வேளைக்கு ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி. வரவைவிடச் செலவு அதிகம். ஆக, முதல் சில நாளில் பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை குறைவது வழக்கம். பத்துப் பங்கை நெருங்கினால், பால் குடிக்கிற விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பார்க்க வேண்டும். பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் பிறந்த எடை திரும்பிவிடும். பிறகு நாளொன்றுக்கு இருபது முதல் முப்பது கிராம் ஏறும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை எடை. தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து வருகிற சித்திக்குத் தெரியும்.

வளர்ச்சி அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் படித்த காலத்தில் சுவரில் மாட்டியிருந்த அட்டவணை அமெரிக்காவில், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளை வைத்துப் போட்டது. அதோடு ஒப்பிட்டால் தாய்ப்பால் குடிக்கிற நம் பிள்ளை சில மாதத்தில் பின்தங்கியதுபோலத் தெரியும். உடனே தாய் கையில் ஒரு டப்பா ஏறும். இந்தக் குளறுபடிக்கு உலக சுகாதார நிறுவனம் 2006இல் முற்றுப்புள்ளி வைத்தது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவில் அளந்தது டில்லியில். நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்தால் எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே மாதிரி வளர்கிறது என்று தெரிந்தது. அந்த அட்டவணைப்படி ஆண் குழந்தையின் நடுத்தர எடை பிறக்கும்போது 3.3 கிலோ, ஒரு மாதத்தில் 4.5. பெண் குழந்தைக்கு 3.2, பிறகு 4.2. நம் ஊரில் இரண்டே முக்கால், இரண்டு எண்ணூறு என்று பிறக்கிற குழந்தைகள் ஏராளம். அவர்கள் தங்களுக்கென்று ஒரு கோட்டைப் பிடித்து, அந்தக் கோட்டிலேயே ஏறினால் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு போட்டி வேண்டாம்.

பால் விஷயத்தில் நானே தடுமாறியவன். என் மகள் பிறந்த மூன்றாம் நாள் ராத்திரி. மணி இரண்டு. குழந்தை முக்கால் மணிக்கு ஒரு தரம் அழுகிறது, மனைவி அழுகிறாள், "பால் ஊறலையோ?" குழந்தை மருத்துவம் படித்த என் கை பால் பவுடர் டப்பாவைத் திறக்கப் போனது. என் அம்மா எழுந்து வந்து, "மறுபடி மார்ல போடு, குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். கேணி மாதிரி" என்று சொல்லிவிட்டு மனைவி முதுகுக்குத் தலையணை வைத்தார். நான் பரீட்சையில் எழுதியதும் அதுதான். குழந்தை சப்பும்போது தாயின் மூளைக்குச் செய்தி போகிறது. புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கிறது, ஆக்ஸிடோசின் அதை வெளியே தள்ளுகிறது. எடுத்த அளவுக்குத்தான் அடுத்த சுரப்பு. 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிப்பது பச்சைக் குழந்தைக்கு இயல்பு. பால் போதுமா என்று அழுகையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதும்.

தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21 சொல்வதைக் கேளுங்கள். இந்தியாவில் நூற்றுக்கு 89 பிரசவம் மருத்துவமனையில் நடந்தது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளோ நூற்றுக்கு 42 பேர்தான். கட்டிலும் மருத்துவரும் செவிலியரும் இருந்தும் பாதிக்கு மேல் நழுவிப் போயிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் சேனை நுழைகிறது. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தையின் குடலில் முளைத்து நரம்பையே முடக்கும். கழுதைப்பாலைக் காய்ச்சாமல் சங்கில் அப்படியே ஊற்றுகிறார்கள். எதற்கு இந்த விஷப்பரீட்சை?

பாட்டிமார்கள் என்னை முறைக்கிறார்கள். உங்களுக்குப் பெருமையான செய்தி ஒன்றும் வைத்திருக்கிறேன். குறைமாதத்தில் பிறந்து சப்பத் தெம்பில்லாத குழந்தைக்கு, தாயின் பாலைப் பீய்ச்சி எடுத்துக் கொடுக்க, இந்திய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? உங்கள் பாலாடையைத்தான். புட்டியைவிட அதைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வது சுலபம். உள்ளே அழுக்குத் தங்க மூலை முடுக்கு கிடையாது.

அடுத்து மஞ்சள். நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேருக்கு இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு மஞ்சளாகும். வயிற்றுக்குள் இருந்தபோது தேவைப்பட்ட கூடுதல் சிவப்பணுக்கள் உடைகின்றன. அந்தக் கழிவான பிலிருபினைக் கழுவித் தள்ள ஈரலுக்கு இன்னும் பழக்கம் போதவில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே தெளியும். அளவு மீறினால் மூளைக்கு ஆபத்து. அப்போதுதான் நீல விளக்கின் கீழே வைக்கிறோம்.

அந்த விளக்கு வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. கண்டுபிடிப்புக்கு வித்திட்டவர் ஒரு செவிலியர். இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில் ராச்ஃபோர்ட் மருத்துவமனை. 1956ஆம் வருடக் கோடை. குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் வார்டுக்கு ஒரு நம்பிக்கை: அடைத்த அறையின் புழுக்கத்தைவிட வெளிக்காற்றும் இளவெயிலும் நல்லது. நல்ல நாளாகப் பார்த்துக் குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார். ஒரு நாள் மருத்துவர்கள் சுற்றி வரும்போது ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பு வெளுத்திருக்க, ஒரு முக்கோணம் மட்டும் பளிச்சென்று மஞ்சள். ஏதோ மருந்தைத் தடவியிருக்கிறார் என்று மருத்துவர் முதலில் நினைத்தாராம். துணியின் மூலை மூடியிருந்த இடம் அது. மற்ற இடமெல்லாம் வெயில் பட்டு மஞ்சள் வெளுத்திருந்தது. பிறகு, ஆய்வுக்கு எடுத்த ரத்தக் குழாய் ஒன்று வெயிலில் கிடந்துவிட, அதிலும் பிலிருபின் குறைந்திருப்பதைப் பார்த்தார்கள். ரிச்சர்ட் கிரீமரும் சகாக்களும் விளக்குக் கட்டி, 1958இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஒளி பட்டால் பிலிருபினின் வடிவம் மாறி, ஈரலின் உதவி அவ்வளவாகத் தேவைப்படாமலே வெளியேறும். இன்று மாவட்ட மருத்துவமனைகளில் எரிகிற அந்த நீல விளக்கு, துணி மூடிய ஒரு முக்கோணத்திலிருந்து வந்தது.

இந்தக் கதையைச் சொன்னதும், "அப்ப காலை வெயில்ல காட்டினா போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது. வெயிலின் அளவு நம் கையில் இல்லை. துணி அவிழ்த்த குழந்தை வாடையில் குளிர்ந்துபோகும், வெயிலில் வெந்துபோகும். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினாலும் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

சின்னச் சின்ன பயங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். தும்மல், விக்கல், தோல் உரிதல், பால் எதுக்களித்தல் எதற்கும் மருந்து வேண்டாம். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் துணியில் ஒரு பொட்டு ரத்தம் படலாம். ஆண், பெண் இருவருக்குமே மார்பு வீங்கி ஒரு சொட்டுப் பால்கூட வரலாம். எல்லாம் தாயின் ஹார்மோன் விட்டுப்போன மிச்சம். தயவுசெய்து அந்த மார்பைப் பிதுக்காதீர்கள். பிதுக்கிச் சீழ் வைத்து, கீறி எடுக்க வேண்டிய நிலையில் வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். தொப்புளில் எதுவும் தடவ வேண்டாம். காய்ந்து ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும்.

இப்போது நான் ஆசையோடு பேசக் காத்திருந்த இடத்துக்கு வருகிறேன். இந்தப் பச்ச மண்ணுக்கு என்ன தெரியும்?

கண் தெரியும், ஆனால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம்தான் ஓரளவு தெளிவு. மார்பில் படுத்திருக்கிற குழந்தைக்கும் அம்மாவின் முகத்துக்கும் உள்ள தூரம் அதுதான். வேறெதைப் பார்க்க வேண்டும் அதற்கு?

காது வயிற்றுக்குள்ளேயே திறந்துவிட்டது. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பத்துக் குழந்தைகளுக்குக் காதில் ஒலிப்பானும் வாயில் ரப்பர்க் காம்பும் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் வேற்றுப் பெண்ணின் குரல். குழந்தைகள் என்ன செய்தன? அம்மா குரல் வருகிற மாதிரி சப்பும் தாளத்தை மாற்றிக்கொண்டன. மூன்று நாள் ஆகாத ஒரு சிசு, தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குகிறது!

இன்னொன்று. 2009இல் ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் பிரெஞ்சுக் குழந்தைகள் முப்பது, ஜெர்மன் குழந்தைகள் முப்பது என்று எடுத்து, பிறந்த சில நாளில் அவை அழுத அழுகையைப் பதிவுசெய்தார்கள். பிரெஞ்சுப் பிள்ளையின் அழுகை கீழேயிருந்து மேலே ஏறுகிறது. ஜெர்மன் பிள்ளையின் அழுகை மேலேயிருந்து கீழே இறங்குகிறது. அந்தந்த மொழிப் பேச்சின் இழுப்பு அப்படியே. தமிழ்ப் பிள்ளை எப்படி அழுகிறது என்று யாராவது உட்கார்ந்து அளக்க வேண்டும். இந்த அவையில் இருக்கிற மொழியியல் மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

மூக்கும் குறைச்சல் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் மெக்ஃபார்லேன் என்ற மருத்துவர், தாயின் மார்பில் வைத்திருந்த பஞ்சுத் துணியைக் குழந்தையின் ஒரு கன்னத்தோரமும் வேறொரு தாயின் துணியை மறு கன்னத்தோரமும் வைத்துப் பார்த்தார். ஒரு வாரம் ஆவதற்குள் குழந்தை தன் தாயின் துணிப் பக்கம் அதிக நேரம் திரும்பியது. பிறந்த குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில் போட்டால் முகர்ந்து முகர்ந்து காம்பைத் தேடிப் போவதை நேரில் பார்த்தவர்கள் இதை நம்பச் சிரமப்பட மாட்டார்கள். உடனே குளிப்பாட்டித் துடைத்துப் பவுடர் போட்டுவிட்டால் அந்த வாசனைக் கயிறு அறுந்துவிடும். முதல் குளியலை ஒரு நாளாவது தள்ளிப்போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் காரணம் குளிர்.

தலைக்குள் நடப்பதுதான் பெரிய கட்டுமானம். அமெரிக்காவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 87 குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து அளந்தார்கள். பிறந்த புதிதில் நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒரு பங்கு மூளை வளர்கிறது. மூன்று மாதத்தில் அறுபத்துநான்கு பங்கு கூடிவிடுகிறது. இதற்கு இடம் விட்டுத்தான் உச்சிக்குழி திறந்திருக்கிறது. தொட்டால் துடிக்கிற அந்த இடம் ஒன்றரை வயதுவாக்கில் மூடும். உருண்டைத் தலை வேண்டுமென்று அமுக்குகிறவர்கள், உள்ளே யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அழுகைக்கு வருகிறேன். இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை கூடும். 1962இல் பிரேசில்டன் என்ற அமெரிக்க மருத்துவர் எண்பது தாய்மார்களிடம் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். ஆறாவது வாரத்தில் அழுகை உச்சத்துக்குப் போகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம், அதுவும் சாயங்காலம் பார்த்து. பிறகு தானே இறங்குகிறது. நோயில்லாத, நன்றாக வளர்கிற குழந்தைகளின் கணக்கு இது. நம் ஊரில் இந்த வாரங்களில்தான் "உரம் விழுந்திருச்சு" என்று புடவையில் போட்டு உருட்டுவார்கள். உருட்டிய சில நாளில் அழுகை குறையும். குறையாமல் என்ன செய்யும், ஏழாவது வாரம் வந்துவிட்டதே! தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், நடங்கள், பாடுங்கள். முடியாவிட்டால் பத்திரமாகக் கீழே கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடாதீர்கள். அந்தக் குலுக்கலில் மூளைக்குள் ரத்தம் கசியும்.

அழுகை உச்சத்தில் இருக்கிற அதே ஆறு, ஏழாவது வாரத்தில்தான் முதல் சிரிப்பும் வருகிறது. தூக்கத்தில் உதடு கோணுகிற "நரி விரட்டுது" சிரிப்பைச் சொல்லவில்லை. அது முதல் நாளே இருக்கும். நான் சொல்வது, உங்கள் கண்ணைப் பார்த்து, ஒரு கணம் யோசித்து, முகமெல்லாம் மலர்கிற சிரிப்பு. பெரும்பாலும் தடுப்பூசிக்கு வருகிற அன்று என் மேசையில் அதை முதல்முதலாகப் பார்த்திருக்கிறேன். அடுத்த நிமிடம் நான் தொடையில் ஊசி போடுவேன். அந்தக் குற்ற உணர்ச்சி முப்பது வருடமாகப் போகவில்லை.

நிறைவாக, வேடிக்கை இல்லாத ஒரு பட்டியல். பால் குடிக்க மறுத்தால், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்வாங்கினால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, வலிப்பு வந்தால், தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் கட்டினால், கை வைத்தியம் எதுவும் வேண்டாம். விடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

மற்ற நேரமெல்லாம் தாயைக் கவனியுங்கள். பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் ஆகாது என்று தாகத்தில் வைத்திருக்கிற வீடுகள் இன்றும் உண்டு. பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஐயா. இரண்டு வாரத்துக்கு மேல் அவள் முகம் கொடுத்துப் பேசாமல், காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தால் அது திமிர் இல்லை. மருத்துவம் பார்க்க வேண்டிய மனச்சோர்வு.

இந்த வாரம் உங்களில் யாராவது குழந்தை பார்க்கப் போவீர்கள். பவுடர், சோப்பு, மையெல்லாம் அடங்கிய அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை வாங்காதீர்கள். தூக்குவாளியில் சூடாகச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே போங்கள். குழந்தையைக் கொஞ்ச நேரம் நீங்கள் வைத்துக்கொண்டு, அதன் அம்மாவை ஒரு மணி நேரம் தூங்கச் சொல்லுங்கள்.